கணுவுக்குக் கணு: கணினிக் கொத்துகளும் நகரும் முகவர் நிரல்களும்

பல கணினிகளை விரைவான வலையமைப்பால் இணைத்து, பயன்படுத்துவோருக்கு அவை ஒரே கணினியாகத் தோன்றும்படி இயக்கும் அமைப்பைக் கணினிக் கொத்து என்பர். கிளஸ்டர் என்ற சொல்லே தொழில் வழக்கில் மிகுதி. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காடர்ட் மையத்தில் 1994ஆம் ஆண்டு தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் இன்டெல் 486 வகைச் செயலிகள் பொருத்திய 16 கணினிகளை ஈதர்நெட் இணைப்புகளால் கோத்து, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓட்டி, அதற்கு பேவுல்ஃப் என்று பெயரிட்டனர். கடையில் கிடைக்கும் சாதாரண உதிரிகளைக் கொண்டே பெருங்கணினியின் வேலையைச் செய்விக்க முடியும் என்பது அதனால் தெளிவானது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் இவ்வழியில் இறங்கின; சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணுக்களைக் கொண்டு அமைத்த ‘கப்ரு’ என்னும் கொத்தும் அவ்வரிசையில் வந்ததே. கணு என்பது கொத்தில் உள்ள ஒவ்வொரு தனிக்கணினியையும் குறிக்கும்.

மலிவான உதிரிகளால் பெரிய கணினியைக் கட்டுவது எளிதாயிற்று என்றாலும், கட்டியதைக் காத்து நடத்துவது கடினமாயிற்று. ஒரு கணினி சராசரியாக 1,000 நாளுக்கு ஒருமுறை பழுதாகும் என்று கொண்டால், அதைத் தனியே வைத்திருப்பவர் பழுதைப் பற்றி அதிகம் நினைக்க வேண்டியிருக்காது. அதே தரமுள்ள 16 கணினிகளைச் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு பழுது வரும். 1,000 கணினிகளைச் சேர்த்தால் நாளுக்கு ஒன்று. 10,000 என்றால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று. உதிரிகளின் தரம் சிறிதும் குறையாமலேயே, எண்ணிக்கை கூடியதால் மட்டும், பழுது என்பது விபத்து என்ற நிலையிலிருந்து அன்றாட நிகழ்வு என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

முற்றிலும் நின்றுபோகும் கணுவாவது உடனே கண்ணில் படும். அதைவிடத் தொல்லை தருவது அரைகுறையாக இயங்கும் கணுவே. குளிர்விக்கும் விசிறி நின்றுபோனால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வட்டில் சில பகுதிகள் கெட்டுப்போனால் ஒவ்வொரு வாசிப்பும் பல முயற்சிகளுக்குப் பின்னரே கைகூடுகிறது. வானிலைக் கணிப்பு போன்ற இணைநிலைக் கணக்கீடுகளில் எல்லாக் கணுக்களும் ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்த கட்டம் தொடங்கும் என்பதால், 999 கணுக்கள் வேலையை முடித்துவிட்டு ஒரேயொரு மந்தமான கணுவுக்காகக் காத்திருக்க நேர்கிறது. கொத்தின் மேலாண்மை என்பது அந்த ஒரு கணுவைக் கண்டுபிடிப்பதும், அதன் வேலையை வேறிடத்துக்கு மாற்றுவதும், மென்பொருள்களை எல்லாக் கணுக்களிலும் ஒரே பதிப்பில் வைத்திருப்பதும், சுமையைப் பகிர்ந்தளிப்பதும் ஆகிய எல்லாம் சேர்ந்த பணியாகும்.

இப்பணிக்கு முதலில் வழக்கில் வந்த முறை, தலைமைக் கணு ஒன்று மற்றக் கணுக்களை முறைவைத்து விசாரித்துக்கொண்டே இருப்பது. 1988இல் வெளியான எஸ்.என்.எம்.பி. என்னும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை இதற்குப் பொதுவான மொழியைத் தந்தது. ஜமாபந்தியின்போது ஊர்க் கணக்குகளெல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர்வதைப்போல, எல்லாத் தரவும் ஓரிடத்துக்கு வந்து, முடிவும் அங்கேயே எடுக்கப்படுகிறது. இம்முறையால் வலையமைப்பு நெரிசல் பட்டுவிடும் என்று பல நூல்கள் குறை கூறுகின்றன; ஆனால் 1,000 கணுக்கள் 10 விநாடிக்கு ஒருமுறை 2 கிலோபைட் தரவை அனுப்பினாலும் மொத்தம் விநாடிக்கு 200 கிலோபைட்தான் ஆகிறது என்பதால், அக்குறை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டதே. உண்மையான குறை, என்ன கேட்கலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுவிடுவது. செயலியின் வெப்பம், நினைவகத்தின் நிரம்பல் போன்ற எதிர்பார்த்த கேள்விகளுக்கு மட்டுமே கணுக்கள் விடை சொல்லும். புதிதாக ஒரு சிக்கல் எழும்போது கேட்க வேண்டிய கேள்வி பெரும்பாலும் பட்டியலில் இருக்காது.

அப்படிப்பட்ட வேளையில் மூலத் தரவையே தலைமைக் கணுவுக்கு வரவழைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பு ஒரு கிகாபைட் இருந்தால், 1,000 கணுக்களின் கோப்புகளும் சேர்ந்து ஒரு டெராபைட் ஆகின்றன. விநாடிக்கு ஒரு கிகாபிட் கடத்தும் இணைப்பில் அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவர 8,000 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல், பிடிக்கும். தேட வேண்டியதைத் தேடும் சிறு நிரலோ 20 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்; அதை 1,000 கணுக்களுக்கும் அனுப்பினால் 20 மெகாபைட் மட்டுமே செலவாகிறது; அது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். தரவு பெரிதாகவும் கேள்வி சிறிதாகவும் இருக்கும்போது கேள்வியையே தரவிடம் அனுப்புவதுதான் முறை என்ற இந்த எளிய கணக்கே நகரும் முகவர் நிரல் என்ற கருத்தின் அடித்தளம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யெமினி, கோல்ட்ஸ்மிட் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இக்கணக்கை வலையமைப்பு மேலாண்மைக்குப் பொருத்தி, மேலாண்மை நிரலின் ஒரு பகுதியையே தொலைவிலுள்ள கருவிக்கு அனுப்பி அங்கே ஓடவிடும் பொறுப்பளிப்பு முறையை வகுத்தனர். அனுப்பப்பட்ட நிரல் சென்ற இடத்திலேயே தங்கிவிடும். அது தானே முடிவெடுத்து அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் புறப்படுமானால் அதுவே நகரும் முகவர் நிரல். முகவர் என்ற சொல் இங்கே, ஒருவர் சார்பில் அவருடைய நேரடிக் கட்டளைக்குக் காத்திராமல் செயல்படும் உரிமை பெற்ற மென்பொருளைக் குறிக்கிறது. 1994இல் ஜெனரல் மேஜிக் என்ற நிறுவனம் வெளியிட்ட டெலிஸ்கிரிப்ட் மொழியில், முகவர் நிரல்கள் தங்கும் ‘இடம்’ என்பதும், இன்னோர் இடத்துக்குச் செல்லும் ‘போ’ என்ற கட்டளையும் மொழியின் அடிப்படைக் கூறுகளாகவே அமைந்தன. அடுத்த ஆண்டு ஜாவா மொழி வந்து, வெவ்வேறு வகைக் கணினிகளில் ஒரே நிரலை மாற்றமின்றி ஓட்டும் வசதியைத் தந்தபின், ஐ.பி.எம். நிறுவனத்தின் டோக்கியோ ஆய்வகத்தில் ஆக்லெட் என்னும் முகவர் அமைப்பு உருவாயிற்று.

ஒரு நிரல் இடம்பெயரும்போது எதையெல்லாம் தன்னுடன் எடுத்துச் செல்கிறது என்பதைப் பொறுத்து இப்பெயர்ச்சி இரு வகைப்படும். நிரலின் வரிகள், அது சேர்த்துவைத்த மதிப்புகள் ஆகியவற்றோடு, எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது, எந்தெந்தச் செயற்கூறுகளின் நடுவில் இருந்தது என்ற ஓட்டநிலையையும் எடுத்துச் சென்று, புதிய இடத்தில் அடுத்த வரியிலிருந்தே தொடர்வது வலுப்பெயர்ச்சி எனப்படும். ஓட்டநிலையை விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் சுமந்து சென்று, புதிய இடத்தில் வருகைக்கென்று எழுதப்பட்ட செயற்கூறு ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவது மென்பெயர்ச்சி. ஜாவா தன் ஓட்டநிலையை நிரலெழுதுவோர் கையில் தருவதில்லை என்பதால் ஆக்லெட் மென்பெயர்ச்சியோடு நின்றது. கொத்து மேலாண்மைக்கு இது பெரிய இழப்பும் அன்று. சோதித்து, குறித்து, நகர்வதே வேலையாக உள்ள நிரலுக்கு ஒவ்வொரு கணுவும் புதிய தொடக்கமாக இருப்பதில் குறையில்லை. எத்தனையாவது கணு, இதுவரை கண்டது என்ன என்ற இரண்டும் நினைவில் இருந்தால் போதும்.

இத்தகைய நிரல் 1,000 கணுக்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவருவதாகக் கொண்டால், ஒரு கணுவில் சோதனைக்கும் பயணத்துக்கும் சேர்த்து 50 மில்லி விநாடி ஆகும் எனில், முழுச் சுற்றுக்கு 50 விநாடி பிடிக்கும். இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் அந்நிரல் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கிலோபைட் தரவைச் சேகரித்துச் சுமந்துகொண்டே சென்றால் நிலைமை மாறுகிறது. முதல் தாவலில் ஒரு கிலோபைட், இரண்டாவதில் இரண்டு, ஆயிரமாவதில் ஆயிரம் என்று சுமை ஏறிக்கொண்டே போய், மொத்தத்தில் ஏறத்தாழ 500 மெகாபைட் வலையமைப்பின் வழியே பயணப்படும். எல்லாக் கணுக்களும் தம் தரவை நேரே தலைமைக்கு அனுப்பியிருந்தால் ஒரு மெகாபைட்டில் முடிந்திருக்கும். முகவர் நிரல்கள் வலையமைப்பின் சுமையைக் குறைக்கும் என்ற பொதுக்கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. கண்டதையெல்லாம் மூட்டை கட்டும் நிரல் சுமையைக் கூட்டுகிறது. ஒவ்வொரு கணுவிலும் ஆராய்ந்து, இதுவரை கண்டவற்றுள் மிக மந்தமான கணு எது என்ற ஒற்றை விடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுச் செல்லும் நிரல்தான் குறைக்கிறது. ஆகவே சுமந்து செல்லும் ஆற்றலைக் காட்டிலும் வடிகட்டும் அறிவே இதில் முதன்மையானது.

சுற்றும் நேரத்தைக் குறைக்க, நிரல் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளலாம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இரட்டித்தால், பத்தே படிகளில் 1,024 கணுக்களை எட்டிவிடலாம். விடைகள் வந்த வழியே திரும்பி, சந்திப்புகள்தோறும் ஒன்றாக்கப்பட்டு மேலேறும். திட்டமிட்ட வழியே இல்லாமல், ஒவ்வொரு கணுவிலிருந்தும் அடுத்த கணுவைக் குலுக்கல்முறையில் தேர்ந்தெடுத்து அலைவதும் ஒரு முறை. நேரே எந்தக் கணுவுக்கும் செல்ல இயலும் என்றால், 1,000 கணுக்களையும் ஒருமுறையேனும் பார்த்துவிட இதற்குச் சராசரியாக 7,500 தாவல்கள் வேண்டும் என்று நிகழ்தகவுக் கணிதம் கூறுகிறது. வீணான தாவல்கள் மிகுதி என்றாலும், கணுக்களின் பட்டியல் எதையும் வைத்திருக்கத் தேவையில்லை, சில கணுக்கள் நின்றுபோனாலும் புதியவை சேர்ந்தாலும் யாரும் திட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை என்ற நன்மை இதில் உண்டு. பிரிஸ்டல் நகரிலுள்ள எச்.பி. ஆய்வகத்தில் 1996இல் ஸ்கூன்டர்வூர்ட் முதலானோர், எறும்புகள் வழியில் மணத்தடம் விட்டுச் செல்வதைப் பின்பற்றி, அலையும் சிறு முகவர் நிரல்கள் கணுக்களிலுள்ள அட்டவணைகளில் எண்களைப் பதித்துச் சென்று தொலைபேசி வலையமைப்பின் நெரிசலைத் தவிர்ப்பதை உருவகப்படுத்திக் காட்டியபோது, ஒன்றையொன்று சந்திக்காத நிரல்கள்கூடத் தாம் விட்டுச்செல்லும் குறிப்புகளின் வழியே ஒத்துழைக்க முடியும் என்பது புலனாயிற்று.

நிரல் நிற்கும் கணுவே பழுதானால் நிரலும் அதனோடு அழியும். நார்வேயின் ட்ரோம்சோ, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய டக்கோமா ஆய்வுத்திட்டத்தில் இதற்குப் பின்காவல் என்ற தீர்வு வகுக்கப்பட்டது. ஒரு கணுவை விட்டு நகரும் நிரல் அங்கே ஒரு காவல் நிரலை விட்டுச் செல்லும்; முன்னே சென்றது மறைந்துவிட்டதாகக் காவல் நிரல் அறிந்தால், இழந்ததை மீட்டெடுக்கும் வேலையைத் தொடங்கும்; பயணம் நல்லபடியாக முடிந்தால் தன்னையே நீக்கிக்கொள்ளும்.

அழியாமல் காப்பது ஒருபுறமிருக்க, அழிக்க வேண்டியபோது அழிப்பதே இத்துறையின் கடினமான பாடம். அப்பாடம் முகவர் என்ற பெயர் வழக்கில் வருவதற்கு முன்பே கற்கப்பட்டது. கலிஃபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஜான் ஷோக், ஜான் ஹப் ஆகிய இருவரும், இரவில் பயனின்றி இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்ட்டோ கணினிகளைத் தேடிப் பரவி வேலை செய்யும் நிரல்களை உருவாக்கினர். ஜான் ப்ரன்னர் 1975இல் எழுதிய அறிவியல் புதினமொன்றின் வழியே இவற்றுக்குப் புழு என்ற பெயர் வந்தது. ஒரு புழுவின் துண்டுகள் பல கணினிகளில் ஓடும்; ஒரு துண்டு நின்றுபோனால் மற்றவை அதை உணர்ந்து, வேறொரு காலிக் கணினியில் புதிய துண்டை நிறுவிக்கொள்ளும். ஈதர்நெட் இணைப்புகளைச் சோதிப்பது அப்புழுக்களுள் ஒன்றின் பணி. இன்றைய கொத்து மேலாண்மையின் தொடக்கம் என்றே அதைக் கொள்ளலாம்.

ஓரிரவு சிறிய புழுவொன்றை ஓடவிட்டுச் சென்ற ஆய்வாளர்கள் காலையில் வந்தபோது கட்டடம் முழுவதும் கணினிகள் முடங்கிக் கிடந்தன. நிரலின் படி ஒன்று எங்கோ சிதைந்து, அந்தச் சிதைந்த படியே பரவி, தொற்றிய கணினியை எல்லாம் முடக்கியிருந்தது. மீண்டும் இயக்கிய கணினிகளையும் அது பற்றிக்கொண்டது. சில கணினிகள் பூட்டிய அறைகளுக்குள் இருந்ததால் கையால் நிறுத்தவும் இயலவில்லை. நல்வாய்ப்பாக, எந்நிலையிலும் எல்லாப் புழுக்களையும் நிறுத்தும் சிறப்புச் செய்தி ஒன்றுக்கு முன்னரே வழிசெய்து வைத்திருந்தனர். அதை வலையமைப்பில் செலுத்தியபின்னரே எல்லாம் அடங்கிற்று. இந்நிகழ்வை மறைக்காமல் 1982இல் கட்டுரையாக வெளியிட்டது அவ்விருவரும் இத்துறைக்குச் செய்த பெருந்தொண்டு. ஆறாண்டுகளுக்குப் பின், 1988 நவம்பரில், மாணவரான ராபர்ட் மோரிஸ் விடுத்த புழு இணையத்தில் பரவியபோது அத்தகைய நிறுத்தச் செய்தி எதுவும் அதில் இல்லை. ஒரு கணினியில் தன் படி ஏற்கெனவே இருக்கிறதா என்று அது கேட்டாலும், போலி விடையால் ஏமாறாதிருக்க, ஏழில் ஒருமுறை விடையைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த ஏழில் ஒரு பங்கே படிகள் பெருகிக் கணினிகள் திணறக் காரணமாயிற்று. படியெடுக்கும் உரிமை பெற்ற எந்த நிரலுக்கும் ஆயுள் வரம்பும் தாவல் வரம்பும் வெளியிலிருந்து நிறுத்தும் வழியும் வேண்டும் என்பது இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் பெறப்படுவது. டெலிஸ்கிரிப்ட் மொழியில் ஒவ்வொரு நிரலும் தன் ஆயுளையும் செலவையும் வரையறுக்கும் அனுமதிச் சீட்டோடுதான் பயணப்பட முடியும் என்று விதித்தது இதை உணர்ந்த ஏற்பாடே.

இவ்வளவு சிந்தனை செலவிடப்பட்டும் நகரும் முகவர் நிரல்கள் இணையத்தில் வேரூன்றவில்லை. அந்நிய நிரலால் கணினிக்கு வரும் தீங்கைத் தடுக்க, நிரலுக்கு மின்கையொப்பம் கோரலாம், கட்டுப்பட்ட எல்லைக்குள் மட்டும் ஓடவிடலாம். ஆனால் அந்நியக் கணினியால் நிரலுக்கு வரும் தீங்கைத் தடுப்பது மிகக் கடினம். நிரலை ஓட்டும் கணினி அதன் ஒவ்வொரு வரியையும் படிக்கவும், அது சுமந்துவந்த விடைகளைத் திருத்தவும், அதை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கவும் வல்லது. மறைகுறியாக்கிய வடிவிலேயே கணக்கிடும் வழியை 1998இல் சாண்டர், ட்ஷுடின் ஆகியோர் முன்வைத்தனர். அது கொள்கையளவில் அழகியது, அன்றைய நடைமுறைக்கு எட்டாதது.

கணினிக் கொத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை. எல்லாக் கணுக்களும் ஒரே நிறுவனத்தின் உடைமை, ஒரே நிர்வாகியின் பொறுப்பு, பெரும்பாலும் ஒரே இயங்குதளம். ஒரு கணு பழுதாகலாம், பகையாவது அரிது. நகரும் முகவர் நிரல்களின் குறைகளெல்லாம் அந்நியர் நடமாடும் திறந்த வெளியில்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒரே வேலிக்குள் அடங்கிய கொத்துதான் அவற்றுக்கு இயல்பான இருப்பிடம். 1990களின் ஆர்வம் மின்வணிகத்தையும் இணையத் தேடலையும் நாடிச் சென்றதால், இந்த இருப்பிடத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்காமல் போனது இழப்பே.

இன்று பெருங்கொத்துகளை நடத்தும் அமைப்புகள் இக்கருத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் 1993இல் தொடங்கிய சி.எஃப்.என்ஜின் முதல், கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்னெட்டீஸ் வரை, ஒவ்வொரு கணுவிலும் நிலையாகத் தங்கும் முகவர் நிரல் உண்டு; பயணப்படுவது நிரல் அன்று, கணு எந்நிலையில் இருக்க வேண்டும் என்ற விவரணை மட்டுமே. கணக்கீட்டைத் தரவிடம் அனுப்பும் கருத்தைக் கூகுள் 2004இல் கட்டுரையாக வெளியிட்ட மேப்ரெடியூஸ் பேரளவில் நடைமுறைப்படுத்தியது. வலுப்பெயர்ச்சி எதிர்பாராத வடிவில் வந்தது. இயங்குதளத்தோடு கூடிய முழு மெய்நிகர் கணினியின் நினைவகத்தை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு கணினிக்குப் படியெடுத்து, இடையில் மாறிய பக்கங்களை மட்டும் மீண்டும் மீண்டும் அனுப்பி, எஞ்சியது மிகச் சிறிதானபின் கணநேரம் நிறுத்தி மாற்றிவிடும் முறையைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் ஜென் என்னும் மென்பொருளில் 2005இல் காட்டினர்; பலர் ஆடிக்கொண்டிருந்த க்வேக் விளையாட்டின் வழங்கியை இடம்மாற்றியபோது ஏறத்தாழ 60 மில்லி விநாடி மட்டுமே அது நின்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகத்தில் 2014 முதல் இடம்பெற்ற ஈ.பி.பி.எஃப். வசதியோ, வெளியிலிருந்து வரும் சிறு நிரலை ஓடவிடுமுன் அது கட்டாயம் முடிவுக்கு வருமா, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொடுமா என்று சரிபார்த்து, தேறியதை மட்டுமே அனுமதிக்கிறது. முன்னரே பட்டியலில் இல்லாத கேள்வியை, தேவை எழும்போது எழுதி, எந்தக் கணுவின் கருவகத்துக்குள்ளும் அனுப்ப இதனால் முடிகிறது.

இவை எதிலும் இல்லாதது, அடுத்து எங்கே செல்வது என்று நிரலே முடிவெடுக்கும் தன்மை. வலையமைப்பு சீராக இருக்கும்வரை அம்முடிவை மையத்தில் எடுப்பதே எளிது. கொத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்படும்போதுதான் அங்கே இருக்கும் நிரலின் தன்முடிவு தேவைப்படுகிறது. அதிலும் ஒரு பேரிடர் உண்டு: பிரிந்த இரு பகுதிகளிலும் உள்ள முகவர் நிரல்கள், மறுபகுதி அழிந்துவிட்டது என்று தனித்தனியே கருதி, ஒரே வேலையை இரண்டிடத்தில் தொடங்கி, மீண்டும் இணைந்தபின் ஒத்துப்போகாத இரு விடைகளோடு நிற்கக்கூடும். அதனால் மொத்தக் கணுக்களில் பாதிக்கும் மேல் தன் பக்கம் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பகுதி மட்டுமே முடிவெடுக்கலாம் என்ற விதி வகுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய பகுதியில் உள்ள நிரல், தன்னிடமுள்ள கணுக்கள் அனைத்தும் நலமாகவே இருப்பினும், புதிய வேலை எதையும் தொடங்காமல் இணைப்பு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.